கன்னியப்பனின் மெடலும் என் அரமும்

எங்கள் சேகரிப்பாளர்களின் செல்போன் குழுவில் போன மாதம் ஒருவர் ஒரு மெடலின் படத்தைப் போட்டிருந்தார். ஏதோ ஒரு பட்டாலியன்காரர்கள் தங்கள் ஒன்றுகூடலுக்காகத் தாங்களே அடித்துக்கொண்டது. படத்துக்குக் கீழே, "விளிம்பில் லேசான சேதம். மெஷினில் கொடுத்துத் தேய்த்தால் சரியாகிவிடும்" என்று எழுதியிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அதைத் தேய்ச்சீங்கன்னா நான் பஸ் ஏறி உங்க வீட்டுக்கே வந்துடுவேன்" என்று குரல் பதிவு போட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "காலங்காத்தால யாரைக் கடிச்சிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

குழுவில் எல்லோரும் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார்கள். குரல் பதிவில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முப்பத்து நான்கு வருடம் பதக்கம் கட்டியவன். சென்னையில் ராணுவக் குடியிருப்பு ஒன்றின் பக்கத்தில் இருந்த சின்னக் கடை அது. சிப்பாய்க்குச் சர்க்கார் மெடலைத் தனியாக, ரிப்பனைத் தனியாகத்தான் கொடுக்கும். அவற்றை வரிசை தப்பாமல் ஒரே பட்டையில் சேர்த்து, நடக்கும்போது ஆடாமல் தைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. எங்கள் நைனா சுண்ணாம்புக்குளத்தில் நெல் பயிரிட்டவர். "ஊசி புடிக்கிற வேலைக்கா பட்டணம் போற?" என்று சிரித்தார். ஆமாம், ஊசி பிடிக்கத்தான் போனேன். முதல் வருடம் ஊசியைக்கூடத் தரவில்லை, ரிப்பனுக்கு இஸ்திரி போடும் வேலை மட்டும்தான். இரண்டாம் வருடம் அட்டை வெட்டினேன். மூன்றாம் வருடம்தான் நூல் கோத்தேன்.

கடை முதலாளி சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் சுபேதார் ஐயா. அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. வாடிக்கையாளர் வந்தால் முதலில் நாற்காலி, அப்புறம் டீ. மேசைமேல் வெள்ளைத் துணி விரிப்பார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைப்பார். அதற்குப் பிறகும் மெடலைத் தொடமாட்டார். "இது யாரோடது? எங்க கெடைச்சது? யாரு குடுத்தாங்க?" என்று கேட்பார். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை இரண்டு கைகளும் முழங்காலில்தான் இருக்கும். சிலர் ஒரு மணிநேரம் பேசுவார்கள். நான் பின்னால் நின்று நெளிவேன், வேலை குவிந்து கிடக்கிறதே என்று. அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு மெடலைக் கையில் எடுத்து விளிம்பைத்தான் முதலில் பார்ப்பார். சர்க்கார் மெடல் என்றால் விளிம்பில் நம்பரும் பதவியும் பேரும் பொறித்திருக்கும். விளிம்பில் ஒன்றும் இல்லையென்றால் அதை 'வெளி மெடல்' என்பார். கூட்டாளிகள் சேர்ந்து அடித்தது, சங்கம் கொடுத்தது, கப்பலிலிருந்து பிரியும்போது நினைவுக்காகச் செய்துகொண்டது, இப்படிப் பல. வெளி மெடலைச் சர்க்கார் மெடல் வரிசையில் சேர்க்கக் கூடாது. அதில் அவர் கல்லாக நிற்பார்.

ஒரு தடவை லாரி ஓட்டிய ஹவில்தார் ஒருவர் வந்தார். மகள் கல்யாணத்துக்குக் கோட்டில் மெடல் குத்திக்கொள்ள ஆசை. அவரிடம் இருந்த மூன்றில் ஒன்று வெளி மெடல். ஒரு மலைப்பாதையில் கூடவே வண்டி ஓட்டியவர்கள் செய்து கொடுத்தது. "இதுவும் பக்கத்துல இருக்கட்டும் சாப், இதுதான் எனக்கு முக்கியம்" என்றார். ஐயா தலையை அசைத்தார். "வரிசையில வராது. பெரிய ஆபீசர் யாராவது பாத்தா உங்களுக்குத்தான் அவமானம்" என்றார். அந்த மனிதரின் முகம் சுருங்கிப்போனது.  ஐயா கோட்டை வாங்கிப் புரட்டி, உள்பக்கம் நெஞ்சுக்கு நேராகச் சின்னப் பையொன்று தைத்து, அந்த மெடலை அதற்குள் போட்டு வாயையும் மூடித் தைத்தார். ஹவில்தார் கோட்டை மாட்டிக்கொண்டு அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தார். அவர் அழுததை நான் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்கு இந்த வெளி மெடல் பைத்தியம் பிடித்தது. சர்க்கார் கட்டளை இல்லாமல், யாரும் கேட்காமல், ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் கொடுத்த மெடல்! நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

அதற்குப் பிறகு பழைய இரும்புக் கடை, பாத்திரக் கடை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று ஒன்றும் விடவில்லை. இப்போது என்னிடம் வெளி மெடலும் பேட்ஜும் முந்நூற்றுக்கு மேல் இருக்கிறது. ஓய்வு பெற்று, மனைவி ஊரான பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஒவ்வொன்றையும் பற்றி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது மெடல் கொண்டுவந்தால் வீட்டிலேயே கட்டியும் கொடுப்பேன்.

ஒருநாள் கோட்டைக்குப்பத்திலிருந்து கஸ்தூரி அம்மாள் வந்தார். எழுபதை நெருங்கிய வயது, மெலிந்த உடம்பு. வீட்டுக்காரர் கன்னியப்பன் இளம் வயதில் ராணுவத்தில் படகு ஓட்டும் பிரிவில் இருந்து, ஒரு சண்டையையும் பார்த்துவிட்டு, ஊர் திரும்பி ஏரியில் மீன் பிடித்தே காலத்தைக் கழித்தவர். இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டாளத்துக்குப் போன ஊர்க்காரர்களின் பேர் பொறித்து ஊர் முனையில் கல் நாட்டப்போகிறார்களாம். திறந்து வைக்க ராணுவ ஆபீசர் வருகிறார். அங்கே வைக்க மெடல்களைக் கண்ணாடிச் சட்டத்தில் கட்டித் தர வேண்டும் என்றார். சுருக்குப் பையிலிருந்து மூன்று மெடல்களை எடுத்து வைத்தார். இரண்டு சர்க்கார் மெடல். மூன்றாவது பித்தளை, கனமானது, ரிப்பன் இல்லை.

"சார், உங்களாண்ட ஒரு விசயம் கேக்கணும்" என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேம்மா. வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன். டீ கொடுக்கவில்லை. உட்காரக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு மின்சார வாரியத்துக்குப் போக வேண்டியிருந்தது, அந்த அவசரம். முப்பத்து நான்கு வருடம் செய்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற திமிரும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தேன். பித்தளை மெடலின் முன்பக்கம் ஒரு தட்டைப் படகு, அதில் நீளமான கழியோடு ஒரு ஆள். பின்பக்கம் விளிம்பை ஒட்டி வட்டமாகப் பத்துப் பேர்கள், ஆங்கில எழுத்தில், கையால் அடித்தவை. கன்னியப்பன் பேருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி. விளிம்பைப் பார்த்தேன். நம்பரும் இல்லை, பதவியும் இல்லை. வெளி மெடல். விளிம்பில் அங்கங்கே நகம் பட்டது போல மெல்லிய வெட்டுகள். சட்டத்தில் வைக்கும் வெல்வெட்டை இது கிழிக்குமே என்று சின்ன அரத்தை எடுத்து விளிம்பைச் சுற்றித் தேய்த்தேன். அதன் பிறகு ஈரத்துணி, உலர்ந்த துணி. வழவழவென்று ஆகிவிட்டது. எனக்கே திருப்தியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கஸ்தூரி அம்மாள் வந்தார். சர்க்கார் மெடல் இரண்டையும் ஒரு பார்வை பார்த்தார். பித்தளை மெடலைக் கையில் எடுத்தார். கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"சார், இதுல வெட்டு இருந்துச்சே. எங்க சார்?"

"பிசிறு மாதிரி இருந்துச்சும்மா. தேச்சி எடுத்துட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "ஐயோ, இன்னா சார் பண்ணிட்ட?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அப்போதுதான் அவருக்கு நாற்காலி போட்டேன். என் மனைவி டீ கொண்டுவந்தாள். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எப்பனாச்சும் ஒரு போஸ்ட் கார்டு வரும் சார். அத்தப் படிச்சிட்டாருன்னா அன்னிக்குப் பேச்சு கெடையாது. அரத்த எடுத்துக்கினு படகாண்ட போயிடுவாரு. ஒத்தையா குந்திக்கினு இதுல ஒரு வெட்டு போடுவாரு. அன்னிக்கு வலை போடமாட்டாரு, சோறும் துன்னமாட்டாரு. யாருயா போய்ட்டாங்கன்னு கேட்டா, என் படகுல இருந்தவன்னு சொல்லுவாரு. அவ்ளோதான். எங்காளுங்க ஏரில ஆழம் பாக்கறதுக்குக் கழில வெட்டி வெப்பாங்க இல்ல, அது மாதிரி. அது பிசிறு இல்ல சார். கணக்கு."

"எத்தனை வெட்டு இருந்துச்சும்மா?"

"எனுக்கு எங்க சார் தெரியும்? ஏழோ, எட்டோ. கார்டுங்கள்லாம் புயல் தண்ணில ஊறிக் கூழாப் போச்சி. இதுல எத்தினி பேரு, வெட்டு எத்தினி, யாருனா மிச்சம் இருக்காங்களான்னு எண்ணிச் சொல்ல மாட்டியான்னு கேக்கத்தான் அன்னிக்கு வந்தேன். நீதான் வெள்ளிக்கிழமை வான்னுட்ட."

 பத்துப் பேரில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அந்த அம்மாளிடம் இருந்த ஒரே வழியை நான் அரத்தால் தேய்த்துத் தூளாக்கிக் குப்பையில் போட்டிருந்தேன்.

"இது சர்க்கார் குடுத்தது இல்லம்மா" என்றேன், அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். "ஆபீசர் வர்ற எடத்துல அந்த ரெண்டோட சேத்து வைக்க முடியாது."

"சர்க்கார் குடுத்தது ரெண்டும் டிரங்குப் பொட்டில கெடந்துச்சி சார். இத்த மட்டும்தான் சாவற வரிக்கும் இடுப்புல முடிஞ்சி வச்சிருந்தாரு. கண்ணாடிக்குள்ள வெக்கறது கெடக்கட்டும். நாப்பத்தி ஆறு வருசம் குடித்தனம் பண்ணேன். அங்க இன்னா பண்ணாருன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. அவுருகூட இருந்தவங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்தக் கல்லாண்ட வந்து நின்னா போதும் எனுக்கு."

அவர் போன பிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படகும் கழியும் எங்கேயோ பார்த்த மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. என் நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நூற்றுச் சொச்சமாவது வரிசையில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'பித்தளை, தட்டைப் படகு, பின்பக்கம் பேர்கள், பாத்திரக் கடையில் வாங்கியது. விளிம்பு சேதம்.'

பெட்டியைத் திறந்து அதை எடுத்தேன். அதே மெடல். அதே பத்துப் பேர். இதில் வேறொருவர் பேருக்குப் பக்கத்தில் புள்ளி. மெடல் யாருடையது என்று காட்டத்தான் அது. விளிம்பில் ஐந்து வெட்டுகள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெட்டுகள் கண்ட இடத்தில் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பேருக்கு நேராக இருந்தது. இந்த மெடலுக்குச் சொந்தக்காரர் ஐந்து கூட்டாளிகளின் சாவை இதில் குறித்துவிட்டு, ஆறாவதாகத் தானும் போய்ச் சேர்ந்திருக்கிறார். அவர் வீட்டில் இதைப் பழைய பாத்திரத்தோடு போட்டுவிட்டார்கள்.

அடேயப்பா! கன்னியப்பன் மட்டுமில்லை. பத்துப் பேரும் இதைச் செய்திருக்கிறார்கள். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு வீட்டில், ஒரு கார்டு வந்ததும் அரத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த அதிகாரியும் உத்தரவு போடவில்லை. எந்தப் புத்தகத்திலும் இந்த விதி இல்லை. முப்பத்து நான்கு வருடம் நான் தைத்த வரிசையெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்குமா? அந்த மெடலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்டால் தெரியாது, உட்கார முடியவில்லை.

ஐந்து பேரும் சொந்தக்காரரும் கழிந்தால் மிச்சம் நான்கு பேர். அதில் ஒருவர் கன்னியப்பன். மற்ற மூன்று பேர்களையும் எழுதி, படத்தோடு குழுவில் போட்டேன். தெரிந்த முன்னாள் சிப்பாய்களுக்கெல்லாம் போன் செய்தேன். மூன்று வாரத்தில் இரண்டு பேரைப் பற்றித் தகவல் வந்தது. இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள். மூன்றாவது பேர் சாமுவேல். அந்தப் பேரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கல் திறக்க ஒன்பது நாள் இருந்தபோது, வேலூரிலிருந்து எங்கள் குழுக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "சார், இருக்கார். மெடலையும் காட்டினார். கன்னியப்பன் போனதை நான் சொல்லல. நம்பர் அனுப்பறேன், காது நல்லா கேக்குது" என்றார். 

நானாகப் பேச மனம் வரவில்லை. அது கஸ்தூரி அம்மாளுக்கு உரிய பேச்சு. ஷேர் ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குப்பம் போனேன். அவர் மணலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சங்கதியைச் சொன்னதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து படகு ஓரமாக உட்கார்ந்தார். நான் நம்பரைப் போட்டு, சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்து, போனை அவர் கையில் கொடுத்தேன்.

"யாரு?" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

"கோட்டக்குப்பம் கன்னியப்பன் ஊட்லேர்ந்து பேசறேண்ணா."

"யாரு, கன்னியப்பன் பொண்டாட்டியா!" அந்தக் குரலுக்கு முப்பது வயது குறைந்துவிட்டது. "கஸ்தூரிதானே நீ? அடி ஆத்தாடி, உன் பேரச் சொல்லிச் சொல்லி எங்க காதுல ஓட்ட போட்டவன்மா அவன்! எனக்குக் கை நடுக்கம், ரெண்டு வருசமா கார்டு போடல. அவனுக்காவது போடத் தெரிய வேணாமா, சோம்பேறிப் பய."

கஸ்தூரி அம்மாள் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

"உன்னாண்ட சொல்லியிருப்பானே, எங்க கதைய?"

"ஒண்ணும் சொன்னதில்லண்ணா. நீங்க சொல்லுங்க."

"சொல்லலையா? அவன் அப்படித்தான். கேளும்மா. அக்கரைக்கு வேவு பாக்கப் போனோம், பத்துப் பேரு. திரும்பும்போது விடியக்காலம், அப்படி ஒரு பனிமூட்டம், முன்னால குந்தினு இருக்கறவன் தெரியல. லைட் போடக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது. மோட்டாரும் போடக் கூடாது. உன் புருசன் கழிய ஊனித்தான் தள்ளணும். எங்கள ஒவ்வொருத்தனா ஏத்தும்போது கத்தியால கழில ஒரு வெட்டு போட்டான். அவனயும் சேத்துப் பத்து. இக்கரைக்கு வந்து எறங்கும்போது கட்டவெரலால தடவித் தடவி எண்ணிக்கினே எறக்கினான். ஒரு வெட்டு மிச்சம். நடு ஆத்துல ஒருத்தன் தவறி விழுந்தது யாருக்கும் தெரியல. எல்லாரும் வந்தாச்சி வாடான்னு இழுத்தானுங்க. அவன் வரல. ஒருத்தன் கொறையறான்னு விரல்லயே காட்டிட்டு, ஒத்தையா படகத் திருப்பிட்டான். அக்கரையிலேர்ந்து சுட ஆரம்பிச்சிட்டானுங்க. அவன் பாட்டுக்கு ஊனிக்கினே போயி, ஒரு மணல் திட்டுல புல்லப் புடிச்சிக்கினு கெடந்தவனத் தூக்கிப் போட்டுக்கினு வந்தான்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அந்த ஆளு நான்தாம்மா. எல்லாரும் திரும்பி வந்தாச்சின்னு ரிப்போர்ட் எழுதினாங்க. அதுக்கு யாரு மெடல் குடுப்பாங்க? அதான் நாங்களே குண்டு ஓட்டு பித்தளைய உருக்கி ஆளுக்கு ஒண்ணு செஞ்சிக்கினோம். கன்னியப்பன் எண்ணின மாரியே கடைசி வரைக்கும் எண்ணுவோம்னு பேச்சு. என்னுதுல எட்டு வெட்டு ஆயிடுச்சி. நானும் அவனும்தான் பாக்கி. எங்க அவன்? போனை அவனாண்ட குடு."

நெத்திலியைச் சுற்றிக் காக்காய்கள் இறங்கின. கஸ்தூரி அம்மாள் விரட்டவில்லை. நான் போனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"அவுரு போய்ட்டாருண்ணா. போன வருசம் ஐப்பசில. உங்களுக்குச் சொல்றதுக்கு எங்களுக்கு வழி தெரியல."

 லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை. அப்புறம், "ஏம்மா, அந்த அரத்த எடுத்துக் குடு" என்று அவர் வீட்டில் யாரிடமோ சொல்வது கேட்டது. "வேணாம் மாமா, கை நடுங்குதே, நான் பண்ணித் தரேன்" என்றது ஒரு பெண் குரல். "நீ பண்ணக் கூடாதுமா. குடு" என்றார்.

பித்தளையில் அரம் உராயும் சத்தத்தை நான் வாழ்க்கை முழுக்கக் கேட்டவன். அது அன்றைக்கு விட்டு விட்டு வந்தது. ஒரு இழுப்பு, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு இழுப்பு. கஸ்தூரி அம்மாள் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. நான் மணலில் எழுந்து நின்றேன்.

சத்தம் நின்றது. ஊதித் தூசு தட்டுவது கேட்டது.

"ஆச்சிம்மா" என்றார் சாமுவேல். "கல்லு என்னிக்குத் தொறக்கறாங்க? நான் எந்த பஸ்ஸு ஏறணும், சொல்லு."